ஆனை வந்த கதை

மனிதனுக்குக் கதை ஏன் இவ்வளவு பிடித்துப்போனது? ஆராய்ச்சிக் கூடங்கள் தேடும் விடையில் பாதி, வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசல்களில் கிடக்கிறது.

வால்பாறையில் இருட்டு மேலேயிருந்து இறங்குவதில்லை, பள்ளத்திலிருந்து ஏறி வரும். முதலில் ஓடை மறையும். அப்புறம் சோலை. தேயிலைச் செடிகளின் தலை மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சமாகத் தெரியும். திரும்பிப் பார்ப்பதற்குள் அதுவும் போயிருக்கும்.

அப்படியொரு நேரத்தில் டவுனிலிருந்து வந்த பஸ், எஸ்டேட் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பெண்களை இறக்கிவிட்டுப் போனது. நானும் இறங்கினேன். கைகளில் மளிகைப் பை, ஒருவர் தோளில் தூங்கிப்போன குழந்தை. லைன் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடைதான். ஆனால் ஒருவரும் நகரவில்லை. கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எந்தப் பக்கம் நிக்குதாம்?”

“ரேஷன் கடைக்குப் பின்னாடி. மெசேஜ் வந்திருக்கு.”

செய்தி அவ்வளவுதான், அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. துணைக்கு ஒரு ஜீப் வரும்வரை மிச்சமிருந்த முக்கால் மணி நேரமும் கதை ஓடியது. என்றைக்கோ ஒரு ராத்திரி சமையல்கட்டுக்குள் தும்பிக்கையை விட்டு உப்புச் சாடியை எடுத்துக்கொண்டு போன ஆனையின் கதை. சொல்லிக்கொண்டிருந்த அக்கா, “ஜன்னல் வழியா விட்டுச்சு” என்றதும் பக்கத்தில் நின்றவர் குறுக்கே வந்தார்: “ஜன்னல் இல்லக்கா, பின்கதவு.” திருத்தும் அளவுக்கு எல்லோருக்கும் பழகிய கதை. ஆனாலும், கட்டிலுக்கு அடியில் கிடந்த கிழவி இருமலை அடக்கிக்கொண்ட இடம் வந்தபோது அங்கே நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். கிழவி பிழைத்தாள் என்று தெரிந்தே பிடித்துக்கொண்டோம்.

முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும்? நடந்து முடிந்த ஒன்றுக்கு, சில சமயம் நடக்கவே நடக்காத ஒன்றுக்கு, இந்த உடம்பு ஏன் வேலை மெனக்கெட்டு வியர்க்கிறது, அழுகிறது, சிரிக்கிறது? மனித இனத்தின் பழக்கங்களிலேயே விசித்திரமானது இதுதான். உழைத்துக் களைத்த ஆள் படுத்துத் தூங்கலாம். அவரோ உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார்.

எஸ்எம்எஸ் சொல்வதும் அக்கா சொல்வதும்

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. நடுவில் தேயிலையும் காப்பியும் மனிதர்களும். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் யானை தோட்டத்தைக் கடக்காமல் போக முடியாது. வழியில் ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் அரிசி வாசனையோடு நிற்கின்றன.

1994 முதல் 2012 வரை இங்கே யானையிடம் சிக்கி இறந்தவர்கள் 39 பேர். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் இந்த மரணங்களை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்தில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை. இருட்டு, மழை, மூட்டம். தெரிந்திருந்தால் அந்த வழியே போயிருக்க மாட்டார்கள். அங்கிருந்துதான் உள்ளூர் கேபிள் டிவியில் யானை எங்கே என்று ஓடும் எழுத்து, செல்போனுக்குக் குறுஞ்செய்தி, எழுத்துப் படிக்காதவர்களுக்குக் குரல் அழைப்பு, பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் எரியும் சிவப்பு விளக்கு எல்லாம் வந்தன. இந்த வேலைக்காக ஆய்வாளர் எம்.ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. மரணங்கள் குறைந்தன.

குறுஞ்செய்தி ‘எங்கே’ என்று சொல்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. அக்காவின் கதையோ ‘எப்படி’ என்று சொல்கிறது. ஆனைக்கு உப்பு இழுக்கும், பின்கதவுதான் முதலில் போகும், கதவைத் திறந்து ஓடினவர் மாட்டிக்கொள்வார், சத்தம் காட்டாமல் கிடந்தவர் பிழைப்பார். இதில் ஒன்றையும் அவர் அறிவுரையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தோளில் இருந்த குழந்தை அதைக் கேட்டிருக்காது. அது கதை தொடங்கிய இரண்டாவது நிமிஷத்திலேயே விழித்துக்கொண்டுவிட்டது.

புதருக்குள் யாரோ

பரிணாமம் படித்தவர்கள் கதையின் வேரை இங்கேதான் தேடுகிறார்கள். புல் அசைகிறது. ‘காத்துதான்’ என்று நினைத்த முன்னோர் ஒருவர், ‘யாரோ இருக்காங்க’ என்று நினைத்த முன்னோர் இன்னொருவர். வீணாகப் பயந்தவருக்கு நஷ்டம் நாலு மூச்சு. பயப்படாதவருக்கு என்றைக்காவது ஒருநாள் நஷ்டம் உயிர். நாம் பயந்தவரின் பிள்ளைகள். ஆகவே அசைவது எதைப் பார்த்தாலும் அதற்குள் ஓர் ஆளை வைக்கிறோம், அந்த ஆளுக்கு ஒரு ஆசையை வைக்கிறோம். ஆளும் ஆசையும் வந்துவிட்டால் கதையில் பாதி வந்தாயிற்று.

---

பெட்டிச் செய்தி: முக்கோணம் விரட்டுது!

1944-ல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியன் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், திறந்து மூடும் கதவுள்ள ஒரு கட்டம். இவை நகர்கின்றன. வேறொன்றும் இல்லை. 34 மாணவிகளிடம் காட்டி, ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டார்கள். ‘வடிவங்கள் நகர்ந்தன’ என்று வடிவமாகவே சொன்னவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் பெரிய முக்கோணத்தை முரடன் ஆக்கினார்கள், வட்டத்தைப் பயந்த பெண்ணாக்கினார்கள், காதல், சண்டை, தப்பித்தல் எல்லாம் கண்டார்கள்.

---

சரி, பயம் புரிகிறது. இன்பம் எதற்கு? பூனைக்குட்டியைப் பார்த்தால் தெரியும். நூலுருண்டையை எலியாக எண்ணிப் பாய்கிறது. யாரும் அடித்துப் பழக்குவதில்லை, அதற்கு அது பிடித்திருக்கிறது. அடிக்கடி செய்தாக வேண்டியதை உடம்பு இனிப்பாக்கி வைக்கிறது. பூனைக்கு எலி பிடிக்கத் தெரிய வேண்டும். மனிதருக்கு மற்ற மனிதர் பிடிபட வேண்டும்: யாரை நம்பலாம், யார் ஏமாற்றுவார், மாமியார் எதற்குச் சிரித்தார், மேஸ்திரி எதற்குச் சிரிக்கவில்லை. இந்தப் பயிற்சியை நேரில் எடுத்தால் அடி விழும். கதையில் எடுத்தால் விழாது.

எல்லோரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. பிழைப்புக்கென்றே கதை தோன்றவில்லை, வேறு வேலைகளுக்காக வளர்ந்த மூளை ஓய்வில் தின்னும் சர்க்கரை அது என்பவர்களும் உண்டு. பழம் தின்னத் தூண்டுவதற்காக வந்த இனிப்பு ஆசை ஜாங்கிரியில் போய் முடிந்ததுபோல. சீரியல்களைப் பார்க்கும்போது எனக்கும் அந்தக் கட்சிதான் சரியென்று தோன்றும். சிவப்பு விளக்கடியில் நின்ற ராத்திரிக்குப் பிறகு கட்சி மாறிவிட்டேன்.

பகலில் புகார், இரவில் கதை

மானுடவியலாளர் பாலி வீஸ்னர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. கலஹாரிப் பாலைவனத்து ஜூ/ஹோன்சி மக்கள் பகலில் என்ன பேசுகிறார்கள், இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து என்ன பேசுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார். பகல் பேச்சில் 34 சதவீதம் குறை, விமர்சனம், புரளி. 31 சதவீதம் வேட்டை, உணவு, வேலை. கதை வெறும் 6 சதவீதம். இரவானதும் கணக்கு தலைகீழானது, 81 சதவீதம் கதை. பகலில் முறைத்துக்கொண்டவர்கள் இரவில் ஒரே கதைக்குச் சிரித்தார்கள்.

எஸ்டேட்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதற்கு ஆய்வு எதற்கு என்பார்கள். பகலில் தேயிலைக் காட்டில் கொழுந்து எடை குறைந்த பேச்சு, கூலிப் பேச்சு, யார் வரிசையில் யார் புகுந்து பறித்தது என்ற சண்டை. விறகடுப்பு மூட்டி, அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்த பிறகு வேறு பேச்சு.

பிலிப்பைன்ஸின் அக்தா மக்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போனது. ‘உன்னோடு ஒரே முகாமில் யார் இருக்க வேண்டும்?’ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நல்ல மீன்பிடிகாரரைவிட, நல்ல வேட்டைக்காரரைவிட நல்ல கதைசொல்லியைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். கதைசொல்லிகள் நிறைந்த முகாம்களில் மக்கள் பங்கிட்டுத் தின்பதும் அதிகமாக இருந்தது. கதைசொல்லிகளுக்குப் பிள்ளைகளும் சற்றுக் கூடுதல். பரிணாமத்தின் கணக்குப் புத்தகத்தில் கடைசி வரவு அதுதானே. அவர்கள் சொல்லும் கதைகளில் ஒன்று, வானத்துக்கு யார் ஒளி தருவது என்று சூரியனும் நிலாவும் சண்டை போட்டு, கடைசியில் ஆளுக்குப் பாதி என்று பகலையும் இரவையும் பிரித்துக்கொள்வது. தண்ணீர்க் குழாயடியில் சொல்லலாம்போல இருக்கிறது.

---

பெட்டிச் செய்தி: 51,200 வயசுக் கதை

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், காரம்புவாங் குகைச் சுவரில் ஒரு காட்டுப்பன்றியும் அதைச் சுற்றி மனிதரைப் போன்ற மூன்று உருவங்களும் வரையப்பட்டிருக்கின்றன. குறைந்தது 51,200 ஆண்டுப் பழையது என்று 2024-ல் அறிவித்தார்கள். தெரிந்தவரை, கதை சொல்லும் படங்களில் உலகிலேயே மூத்தது இது. விவசாயம் வந்தது ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன்னால்தான். நெல்லுக்கு முன்னாலேயே கதை விளைந்துவிட்டது.

---

கடல் உள்வாங்கிய நாள்

கதை உயிர் காக்கும் என்பது பேச்சுக்குச் சொல்வது இல்லை. 1907-ல் சுமத்ராவை ஒட்டிய சிமுலுவே தீவை ஆழிப்பேரலை அடித்தது. பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மாங்’ என்று பெயர் வைத்துக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் 7 பேர்.

அதே காலையில் நம் கரையிலும் சில இடங்களில் கடல் உள்வாங்கியது. நம் ஆட்கள் என்ன அதிசயம் என்று பார்க்கப் போனார்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரை இழந்தோம். இத்தனைக்கும் கடல்கோள் கதை நம்மிடம் இல்லாததல்ல. குமரிக்கோடு போனது, பஃறுளியாறு போனது, சங்கம் வைத்த ஊர்கள் போயின என்று மேடைதோறும் பேசிய இனம். ஆனால் நம் கதையில் போன நிலத்தின் அளவு இருந்தது, பெருமை இருந்தது, ‘கடல் பின்வாங்கினால் ஓடு’ என்ற ஒற்றை வரி இல்லை. மேடைக்குப் போன கதை பாட்டியிடம் திரும்பி வரவில்லை. வால்பாறை அக்காவின் கதையில் பின்கதவா ஜன்னலா என்று ஏன் அவ்வளவு கறாராகத் திருத்துகிறார்கள் என்பது இப்போது புரிகிறது. அந்த இடம் தப்பினால் கதை அழகாக இருக்கும், உதவாது.

விழுந்து எழும் உடம்பு

கொங்கு நாட்டுக்குக் கதையின் பலம் புதிதில்லை. பொன்னர் சங்கர் என்கிற அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடினால் ராத்திரி ராத்திரியாக நீளும். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து அதைப் பதிவு செய்தபோது 18 இரவுகள் ஆயின. மாசியில் மணப்பாறை அருகே வீரப்பூரிலும், கொங்கு கிராமங்கள் பலவற்றிலும் படுகளம் நடக்கும். பாடல் சாவுக் கட்டத்துக்கு வரும்போது இளவட்டங்கள் அடியற்ற மரமாகச் சரிவார்கள். பிணம்போலவே கிடத்தி, துணி போர்த்தி வைப்பார்கள். அண்ணன்மாரைத் தங்கை எழுப்பும் கட்டத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். நான் ஒரு படுகளத்தில் அப்படி விழுந்த பையனைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அரை மணி முன்னால் டீக்கடையில் என்னிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டவன். கண் இமைகூடத் துடிக்கவில்லை.

தொல்காப்பியர் உணர்ச்சிக்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயர் வைத்தார். மெய்யில் படுவது. 2010-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாஸன் குழுவினர் கதை சொல்பவர் மூளையையும் கேட்பவர் மூளையையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. நன்றாகப் புரிந்துகொண்டவர்களின் மூளையில் சில பகுதிகள் சொல்பவரையே முந்திக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போயின. கேட்பவருக்குத் தெரியாத மொழியில் சொன்னபோது தாளம் சேரவில்லை.

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

சிலையும் நாவலும்

கதை பிழைக்க வைக்கும், சேர்ந்து வாழ வைக்கும். மூன்றாவதாக ஒன்றும் செய்யும்: யார் கதாநாயகன் என்று முடிவு செய்யும். வால்பாறை சாலையோரத்தில் கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. இந்த மலையில் தோட்டம் போட்ட முன்னோடி வெள்ளைக்காரர். ஒன்பதாவது வளைவுக்கு லோம்ஸ் வியூ பாயின்ட் என்று இன்னொரு வெள்ளைக்காரர் பெயர். காட்டை வெட்டி, காலராவிலும் மலேரியாவிலும் செத்து, இந்தப் பச்சையை நட்டவர்களுக்கு நெடுங்காலம் ஒரு கதையும் இல்லை.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்ற நாவலை வெளியிட்டார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து, ஆள் பிடிக்கும் கங்காணியின் பேச்சை நம்பி மலையேறிய கருப்பனும் வள்ளியும் அதன் நாயகர்கள். அது தமிழுக்கு வர கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆனது. 2007-ல் இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்தார். 2013-ல் அதைத் தழுவிப் பாலா ‘பரதேசி’ எடுத்தார். அதுவரை கூலி, முன்பணம், சாவு எண்ணிக்கை எல்லாம் எங்கெங்கோ கோப்புகளில் இருந்தன. கோப்பைப் படித்து யாரும் அழுததாகத் தெரியவில்லை. கருப்பனுக்கு அழுதார்கள். இன்று சுற்றுலா வருகிறவர்களில் சிலராவது தேயிலையைப் பார்த்து ‘எவ்வளவு அழகு’ என்று சொல்லிவிட்டு ஒரு நொடி சும்மா நிற்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரு நாவல் ஒரு மலையின் நிறத்தையே மாற்றியது இங்கேதான்.

வில்லன் கேட்கும் மனசு

இதுவரை கதைக்கு வக்காலத்து வாங்கினேன். மறுபக்கமும் சொல்ல வேண்டும்.

புல் அசைந்தால் ஆளைத் தேடும் மனசு, ஆள் கிடைக்காவிட்டால் யாரையாவது பிடித்து நிறுத்தும். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு கதை ஓடியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். அடித்தவர்கள் அத்தனை பேரும் தங்களைக் கதையின் நாயகர்களாக நினைத்திருப்பார்கள்.

2023 மார்ச்சில் இன்னொன்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று எங்கெங்கோ நடந்த சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டி ஒரு பொய்க் கதை பரப்பப்பட்டது. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்து ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். அரசு இந்தியில் அறிவிப்பு கொடுத்தது, காவல்துறை தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பேசியது. புள்ளிவிவரம் சொன்னால் அடங்குகிற பயமா அது? அந்த வீடியோவில் ஆள் இருந்தார், ரத்தம் இருந்தது, ஓட்டம் இருந்தது. மறுப்பு அறிக்கையில் இவை ஒன்றும் இல்லை. பக்கத்து அறைக்காரர் ‘நான் இங்கேயேதான் இருக்கேன், ஒண்ணும் ஆகல’ என்று சொன்ன பிறகுதான் பலர் பெட்டியைக் கீழே வைத்திருப்பார்கள். ஒரு கதையை அடக்க இன்னொரு கதை வேண்டியிருக்கிறது.

வால்பாறையிலும் இது உண்டு. சிறுத்தை ஒன்று நாயைத் தூக்கினால் மறுநாள் அது ஆட்கொல்லி ஆகிவிடும். கூண்டு வை என்று மறியல் நடக்கும். கூண்டில் எது சிக்கினாலும் அதுவே குற்றவாளி, ஊர் நிம்மதியாகத் தூங்கும். காலியான இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வருவதற்குக் கதையில் இடமில்லை, வில்லன்தான் பிடிபட்டாயிற்றே. லைன் வீட்டுக்குப் பின்னால் மண்டியிருக்கும் புதரை வெட்டுவது, எரியாத தெருவிளக்கை மாற்றுவது, இறைச்சிக் கழிவைக் கொட்டாமல் இருப்பது என்று உண்மையான தீர்வுகளெல்லாம் சலிப்பானவை. புதருக்கு முகம் கிடையாது. முகமில்லாததை வெறுக்கவும் முடியாது, அதைப் பற்றிக் கதை சொல்லவும் முடியாது.

பாட்டி இல்லாத லைன்

2001-க்கும் 2011-க்கும் நடுவில் வால்பாறையின் மக்கள்தொகை கணிசமாகக் குறைந்து, சுமார் எழுபதாயிரமானது. கூலி போதவில்லை. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை மில்லுக்கும் இறங்கினார்கள், ஓய்வுபெற்ற பெரியவர்கள் பிள்ளைகள் பின்னால் போனார்கள். காலியான லைன் வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். பெரும்பாலும் இளம் தம்பதிகள், கைக்குழந்தையோடு. கொழுந்து பறிக்கிறார்கள், மருந்தடிக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் இன்று தோட்டம் ஓடாது.

அவர்களோடு வராதது ஒன்று இருக்கிறது, பாட்டி. அதாவது இந்த மலையின் பாட்டி. பொழுது சாயும் நேரத்தில் குழந்தையை வாசலில் தனியே விடக்கூடாது, குனிந்து உட்கார்ந்திருப்பவரைச் சிறுத்தை ஆளாக எண்ணாது, ஓடையோரச் சரிவில் சாணி புதுசாகக் கிடந்தால் திரும்பிவிடு. இதெல்லாம் எஸ்டேட் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டுப் பரவிய அறிவு இல்லை. ‘உங்க சித்தப்பனை அன்னிக்கு…’ என்று தொடங்கும் கதைகளில் பரவியது. சிவப்பு விளக்கைப் புதிதாக வந்தவரும் பார்ப்பார், எரிந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டும் தெரிந்துகொள்வார். விளக்கடியில் நின்று அக்கா தமிழில் சொல்லும் முக்கால் மணி நேரம் அவருக்கு வெறும் சத்தம். மொழி தெரியாவிட்டால் தாளம் சேராது என்று பிரின்ஸ்டனில் கண்டதை இங்கே ராத்திரிதோறும் காணலாம்.

2025 ஜூனில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பமொன்றின் நாலு வயசுப் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிச் சென்றது. பெற்றவர்கள் மீது பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இதே மலையில் தலைமுறையாக இருந்தவர்களும் பிள்ளைகளை இழந்திருக்கிறார்கள். விளக்கும் வேலியும் புதர் வெட்டுவதும் நிர்வாகத்தின் வேலை, அதற்குக் கதை ஈடாகாது. ஆனால் ஓர் ஊருக்கு ஆளை அழைத்து வந்து குடிவைக்கும்போது அந்த ஊர்க் கதையையும் அவர்கள் மொழியில் கொடுப்பது யார் பொறுப்பு? இந்தியும் சாத்ரியும் அசாமியும் தெரிந்த நாலு பேரை உட்கார வைத்து, இங்கே மிச்சமிருக்கும் கிழவிகளைப் பேசச் சொன்னால் ஒரு மழைக்காலத்தில் முடிகிற வேலை. காடர், முதுவர், மலசர் பழங்குடிகளிடம் இருப்பதையும் சேர்த்துக்கொண்டால் தோட்டத்துக்கு வயசான கதைகள் மட்டுமில்லாமல் காட்டுக்கு வயசான கதைகளும் கிடைக்கும்.

சின்னத்தம்பி

கடைசியாக, நாம் எல்லோரும் சேர்ந்து சொன்ன கதை.

கோவை தடாகம் பக்கம் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு ஆண் யானைகளுக்கு ஊரே பெயர் வைத்திருந்தது: விநாயகன், சின்னத்தம்பி. 2018 டிசம்பரில் விநாயகனைப் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். 2019 ஜனவரி கடைசியில் சின்னத்தம்பியைப் பிடித்து ஆனைமலையில், டாப்சிலிப் பக்கத்து வரகளியாறு காட்டில் விட்டார்கள். இருவருக்கும் நடந்தது ஒன்றுதான். ஆனால் விநாயகனை இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

சின்னத்தம்பி திரும்பி நடந்தான். வித்தியாசம் அவ்வளவுதான். மலையிறங்கி, பொள்ளாச்சிப் பக்கம் வந்து, உடுமலை தாண்டி, மடத்துக்குளம் கரும்புக்காட்டில் போய் நின்றான். குடும்பத்தைத் தேடி வருகிறான் என்று ஊர் பேசியது. பிடிக்கும்போது அவன் தந்தம் உடைந்த படம் போனுக்குப் போன் போனது. கரும்பு போன விவசாயிகளில் சிலரே ‘தின்னுட்டுப் போகட்டும் விடுங்க’ என்றார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, பொரிகடலை வண்டிகள் வந்தன. விரட்டக் கொண்டுபோன பழக்கிய யானைகளான கும்கிகளோடு அவன் சிநேகமாகிவிட்டான் என்ற செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்திலேயே கைதட்டினோம். அவனைப் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆசை ஒன்று, தடை ஒன்று, வீட்டை நோக்கி ஒரு நடை. மூன்றும் இருந்ததால் யானை கதாநாயகன் ஆனான், நானும் அவனை ‘அவன்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவன் உண்மையில் எதைத் தேடி நடந்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. கரும்பாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தக் கதை இல்லாதிருந்தால், தடாகத்தில் செங்கல் சூளைகள் யானையின் வழியை எப்படித் தின்றன என்று அத்தனை பேர் பேசியிருக்க மாட்டார்கள். கதை இருந்ததால் பேசினார்கள், கதை முடிந்ததும் பேச்சும் குறைந்தது.

2019 பிப்ரவரி 15 அன்று அவனை மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். சின்னத்தம்பி இப்போது கும்கி. ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்ப அவனை லாரியில் ஏற்றி அழைத்துப் போகிறார்கள்.